துன்பக்கேணியும் ஒரு கூடைக் கொழுந்தும்

சென்ற வாரம் மணிக்கொடிக் காலத்தைப் பற்றிப் பேசி முடிக்கையில், நவீன இலக்கியக்காரர்களுக்கும் இடதுசாரிகளுக்கும் இடையே நிலவிய உறவை அடுத்ததாக எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு வட்டவளையிலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருக்கிறார். மொஸ்கோவிலும் சென்னையிலும் நடந்த இலக்கியச் சண்டைகளைச் சொல்கிறீர்கள், எங்கள் மலையில் அந்தச் சண்டை நடந்ததா, நடந்திருந்தால் அதனால் எங்களுக்கு வந்தது என்ன, போனது என்ன என்பது அவருடைய கேள்வி. ஐரோப்பாவிலிருந்து தொடங்குவதாகத் திட்டமிட்டிருந்த உரையை இந்தக் கடிதத்துக்காக மாற்றிக்கொண்டேன். கடிதம் வந்த இடம் நான் சிறுவனாய் வளர்ந்த இடம் என்பதும் ஒரு காரணம்.

வட்டவளையைத் தெரியாத நேயர்களுக்காகச் சில வார்த்தைகள். நாவலப்பிட்டியிலிருந்து அட்டனுக்கு ஏறுகிற ரயில் பாதையில், இங்குறு ஓயா, கலபொட கழிந்து வருகிற நிலையம் அது. இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் கொட்டித் தீர்க்கும். மழை நாளிலும் கொழுந்து எடுத்தாக வேண்டும். கொங்காணியைத் தலையில் போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, கால் நிறைய அட்டையோடு பெண்கள் மலையேறுவார்கள். லயத்துக் காம்பராவில் கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் வானொலியே கேட்காது. புத்தகம் படிக்கலாம், புத்தகம் கிடைத்தால். எங்களுக்குக் கிடைத்தவை கடைச்சாமான் சுற்றி வந்த வீரகேசரித் தாள்கள்தாம்.

அப்படி ஒரு மழைக்காலத்தில், பட்டணத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் விட்டுப்போன கதைத் தொகுப்பில்தான் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை முதன்முதலாக வாசித்தேன். 1935 இல் 'மணிக்கொடி'யில் வந்த நீண்ட கதை அது. திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்திலிருந்து மருதி என்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண், பிழைக்க வழியின்றி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்கிறாள். வந்த இடத்தில் கங்காணியும் வெள்ளைத்துரையும் நோயும் அவளை எப்படிச் சிதைத்தன என்பதே கதை. தோட்டத்துக்குப் புதுமைப்பித்தன் வைத்த பெயர் வாட்டர்பாலம். 'வாட்டர் ஃபால்' என்ற ஆங்கிலப் பெயரை எங்கள் சனங்கள் வாய் எப்படித் திருப்பும் என்பதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார். எத்தனையோ தோட்டங்களின் பெயர்கள் அவ்வாறே திரும்பின.

இதில் வியப்பு என்னவென்றால், 'மணிக்கொடி' இடதுசாரிப் பத்திரிகை அல்ல. 1933 இல் அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கே. சீனிவாசனுக்கு 'ஸ்டாலின்' என்ற பட்டப்பெயர் இருந்தது என்பதை வைத்து நாம் எதையும் ஊகித்துவிடக் கூடாது. காந்தியின் காலத்துத் தேசிய உணர்விலே பிறந்த பத்திரிகை அது, பின்னர் பி. எஸ். ராமையாவின் கையில் சிறுகதைப் பத்திரிகையாயிற்று. புதுமைப்பித்தனும் எந்தக் கட்சியிலும் இருந்தவரல்லர். முசோலினியைப் பற்றியும் ஹிட்லரைப் பற்றியும் கண்டன நூல்கள் எழுதினார். ஸ்டாலினைப் பற்றி அவர் எழுதியது அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின்னரே நூலாக வெளிவந்தது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1951 இல் எழுதியவர் தொ. மு. சி. ரகுநாதன், பழுத்த மார்க்சியவாதி. புதுமைப்பித்தனைத் தமிழ் வாசகன் மறந்துவிடாமல் காத்ததில் ஒரு மார்க்சியவாதியின் கை இருந்தது என்பதை இரு தரப்பாருமே பின்னாளில் அடிக்கடி மறந்துபோனார்கள்.

ஆக, இந்த மலையைப் பற்றி நவீனத் தமிழில் எழுதப்பட்ட முதல் வலிமையான கதைகளுள் ஒன்று, இந்த மலையைப் பாராத, கட்சி சாராத ஒருவரால் எழுதப்பட்டது. நாங்கள் படுவதை எங்களுக்கே காட்டியது அது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருதிக்கு அந்தக் கதையில் நடப்பவை எல்லாம் நடக்கின்றன. அவளாக எழுந்து செய்வது மிகக் குறைவு. 1935 இல் மலையில் இருந்த உண்மையான மருதிகள் சும்மா இருந்தார்களா?

இல்லை. அந்தக் கதை அச்சான போது அட்டனில் கோ. நடேசய்யர் இருந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்து, 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தி, ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து கொழும்புத் தொழிலாளரிடையே பணியாற்றி, பின் அவரோடு முரண்பட்டுப் பிரிந்து, 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் மேடையில் பாடுவார். பாரதியின் பாட்டு மெட்டுகளில் தோட்டத்து நிலைமைகளைச் சொல்லும் பாட்டுகளை அவரே கட்டினார். அவை 1940 இல் சிறு நூலாகவும் வந்தன. நடேசய்யர் நாடகம் எழுதினார், கதை எழுதினார். 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்ற அவருடைய எழுத்தை மலையகத்தின் முதல் சிறுகதை எனத் தெளிவத்தை ஜோசப் முன்வைத்தார். சிறுகதை இலக்கணத்தில் அது நிற்குமா என்று விவாதிக்கலாம். எனக்கு அந்த விவாதத்தில் பெரிய அக்கறை இல்லை. தொழிற்சங்கம் கட்டுகிற மனிதனுக்கு, சங்கத்துக்குக் கதையும் பாட்டும் வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் முக்கியம். புதுமைப்பித்தனும் நடேசய்யரும் ஒரே காலத்தில் ஒரே மக்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு மொழி கைகூடியது, மற்றவருக்கு மக்கள் கைகூடினார்கள்.

இடதுசாரிக் கட்சி மலைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். லங்கா சமசமாஜக் கட்சி 1935 டிசம்பரில் தோன்றியது. 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில், அதாவது வட்டவளையிலிருந்து சில நிலையங்கள் கீழே, ஒரு கூட்டம் நடந்தது. இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய அதில் பேசினார். மாதுளுகெல பக்கத்தில் தோட்டத்தொழில் பழக வந்து, தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலையிழந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞரும் பேசினார். துரைமாரின் அநியாயத்தைத் துரை நிறத்து மனிதர் ஒருவரே மேடையேறிச் சொன்னதைக் கேட்ட தோட்டத் தொழிலாளருக்கு எப்படி இருந்திருக்கும்! தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டதும், அவர் தலைமறைவானதும், காலிமுகத்திடல் கூட்டத்தில் திடீரென்று மேடையில் தோன்றியதும், உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று தீர்த்ததும் பலர் அறிந்தவை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1940 ஜனவரி 10 இல், முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரால் சுடப்பட்டு இறந்தார். விசாரணைக் குழுவின் முன் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மீண்டும் வருவார்.

இதே ஆண்டுகளில் வெளியுலகில் என்ன நடந்தது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். புரட்சிக் கவி மாயகோவ்ஸ்கி 1930 இல் தற்கொலை செய்துகொண்டார். 1934 இல் மொஸ்கோவில் கூடிய சோவியத் எழுத்தாளர் மாநாடு சோஷலிச யதார்த்தவாதத்தையே எழுத்தாளரின் வழி என வகுத்தது. அங்கே ஜேம்ஸ் ஜோய்ஸின் நாவலைக் கார்ல் ராடெக் மிக இழிவாகப் பேசினார். நவீனத்துவம் என்றால் அழுகிப்போன முதலாளித்துவத்தின் வெளிப்பாடு என்ற பார்வை அன்று தொட்டு உறுதிப்பட்டது. ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட மார்க்சியவாதிகளே தமக்குள் இரண்டாகப் பிரிந்து வாதாடினர். லூகாச் ஒரு பக்கம், பிரெக்ட் மறு பக்கம். இந்தியாவில் இவ்வளவு கடுமை முதலில் இல்லை. முல்க் ராஜ் ஆனந்த், சஜ்ஜாத் ஸகீர் போன்ற மாணவர்கள் லண்டனில் கூடி எண்ணிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம், 1936 இல் லக்னோவில் பிரேம்சந்தின் தலைமையில் கூடியது. ஆனந்த் ஆங்கில நவீனத்துவர்களோடு பழகிக்கொண்டே இடதுசாரியாகவும் இருந்தவர். ஒன்று மற்றதைக் கெடுக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1937 இல் அவர் எழுதிய நாவலின் பெயரே இரண்டு இலையும் ஒரு மொட்டும். அஸ்ஸாம் தோட்டக் கதைதான். நாம் பறிப்பதும் அதே இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான்.

அந்த ஆனந்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் எங்கள் மலைநாட்டுக்காரர். கண்டிக்கு அண்மையில் தலாத்துஓயாவில் 1920 இல் பிறந்த கே. கணேஷ், ஆனந்தின் 'தீண்டாதா'னைத் தமிழாக்கினார். 1946 இல் கே. இராமநாதனோடு சேர்ந்து கொழும்பில் 'பாரதி' என்ற இதழைத் தொடங்கினார். இலங்கையில் முற்போக்கு இலக்கியம் என்ற எண்ணத்துக்கு முதல் ஏடு அது. லூசுன், ஹோ சி மின், ஹங்கேரியக் கவி பெட்டோஃபி என்று உலகத்துக் குரல்களைக் கணேஷ் நமக்குத் தந்தார். இதழ் நெடுங்காலம் வாழவில்லை. ஆனால் இடதுசாரி என்றால் உலக இலக்கியத்தின் மீது பசி கொண்டவன் என்ற ஒரு பொருளும் அந்நாளில் இருந்தது என்பதற்குக் கணேஷ் சான்று. 2004 இல் மறையும்வரை அந்தப் பசி அவருக்குத் தணியவில்லை.

இனி சி. வி. வேலுப்பிள்ளை. 1914 இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் படித்து, ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியவர். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் வென்று பாராளுமன்றம் சென்றார். மலையகத்திலிருந்து அக்கட்சி ஏழு பேரை அனுப்பியது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்கு விழுந்தன. அதற்குத் தண்டனைபோல 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோனது. சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்து வாதாடினர் என்பதை மறைக்கக் கூடாது. புதுமைப்பித்தன் மறைந்ததும் அதே 1948 இல்தான். மருதியின் பிள்ளைகள் நாடற்றவர் ஆன செய்தி அவர் காதுக்கு எட்டவில்லை.

உறுப்பினர் பதவி முடிந்த பின் சி. வி. எழுதிய நீள்கவிதைதான் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அந்த ஆங்கில நூல். 1969 இல் சக்தி அ. பாலஐயா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழில் தந்தார். விடியற்காலையில் தப்புச் சத்தம் எழுந்து லயத்தை எழுப்புவதிலிருந்து அது தொடங்குகிறது. யாப்புக்குக் கட்டுப்படாத நடை. தாகூரின் சாயல் உண்டு, விட்மனின் மூச்சும் உண்டு. பாராளுமன்றத்தில் பேசிப் பார்த்துப் பயன் கிடைக்காத மனிதர், தேயிலைச் செடிக்கடியில் எருவாகிப் போன தன் முன்னோரைப் பற்றிப் பேச வேறொரு வடிவத்தைத் தேடினார் என்று நான் அதை வாசிக்கிறேன். தொழிற்சங்கத்தை அவர் விடவுமில்லை. பின்னாளில் தொழிலாளர் தேசிய சங்கத்தில் பணியாற்றினார். தோட்டந்தோட்டமாகப் போய் சந்தாக் கணக்குப் பார்த்த நேரத்திலேயே கிழவிகளிடம் நாட்டார் பாடல்களையும் எழுதிக்கொண்டார். அவர் மறைந்த பின் 1987 இல் அத்தொகுப்பு வந்தது. நவீனத்துவமா, இடதுசாரியா என்று கேட்டால் சி. வி. சிரித்திருப்பார். அவரிடத்தில் இரண்டும் ஒரே பையில் கிடந்தன.

ஆனால் 1950களிலும் 60களிலும் பையைப் பிரித்து அடுக்குகிறவர்கள் வந்தார்கள். 1954 இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. அதன் சாதனையை இன்று யாரும் மறுக்க முடியாது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுத்தாளராய்த் தலைநிமிர்ந்தது அந்தச் சூழலில்தான். ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தமிழகத்தில் விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி' காரியாலயத்தால் 1960 இல் வெளியிடப்பட்டு இங்கே சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 'சரஸ்வதி'யே நம் தலைப்புக்கு நல்ல உதாரணம். பொதுவுடைமைக்காரர் நடத்திய பத்திரிகை. சுந்தர ராமசாமியும் ஜெயகாந்தனும் அதில் எழுதினார்கள். 1959 இல் கட்சி சார்பில் 'தாமரை' தொடங்கியதும் 'சரஸ்வதி' தளர்ந்து நின்றுபோனது. அதே 1959 இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கினார். அதில் எழுதித் தமிழ்க் கவிதையின் போக்கையே திருப்பியவர்களுள் ஒருவர் நமது திருக்கோணமலை இளைஞர், தருமு சிவராமு. ஒரே ஆண்டில் இரண்டு வாசல்கள் திறந்தன. நடுவிலிருந்த வாசல் மூடத் தொடங்கியது. இழப்பு எங்கே நேர்ந்தது என்று கேட்டால் நான் அந்த நடு வாசலைத்தான் காட்டுவேன்.

இலங்கையில் சண்டை வேறு வடிவில் நடந்தது. சாதாரண மக்களின் பேச்சு வழக்கைக் கதையில் எழுதலாமா என்று பண்டிதர்கள் கேட்டார்கள். இழிசனர் வழக்கு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கைலாசபதியும் சிவத்தம்பியும் எழுத்தாளர் பக்கம் உறுதியாக நின்றார்கள். மலையகத்துக்கு இது வாழ்வுப் பிரச்சினை. யாழ்ப்பாணத் தமிழுக்காவது நூற்றாண்டு காலப் பள்ளிக்கூடங்களின் மதிப்பு இருந்தது. பிரட்டுக்களத்துத் தமிழுக்கு என்ன இருந்தது? 'பேர் போடுவது', 'அரைப்பேர்', 'கவ்வாத்து', 'பற்றுச்சீட்டு' என்ற சொற்களெல்லாம் அச்சில் ஏறலாம் என்ற துணிவை எங்களுக்குத் தந்தது முற்போக்காளரின் அந்த வெற்றிதான். நவீன இலக்கியத்தின் அடிப்படைத் தேவையான மொழி விடுதலையை இடதுசாரிகள் போராடிப் பெற்றுத் தந்தார்கள். இதை நவீனத்துவக்காரர் பலர் ஒத்துக்கொள்வதில்லை.

பெற்றுத் தந்தவர்களே பிறகு மொழியை விட்டுவிட்டுக் கதையின் முடிவை மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள். எஸ். பொன்னுத்துரை பிரிந்து 'நற்போக்கு' என்று கொடி பிடித்ததும், மு. தளையசிங்கம் முற்போக்கின் வரம்புகளைக் கேள்விக்குள்ளாக்கியதும் இதன் எதிரொலிகள். அந்தச் சண்டைகளின் விவரங்களைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தனிப்பட்ட கோபங்களும் அதில் கலந்திருந்தன. அதைக் கடந்து போவோம்.

மலைக்குத் திரும்புவோம். 1961 இல் 'தினகர'னில் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற கதை வந்தது. எழுதியவர் என். எஸ். எம். இராமையா. வானொலி நாடகங்கள் எழுதிப் பழகியவர்; எனவே பேச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கொழுந்து பறிக்கும் ஓர் இளம் பெண்ணின் கூடை எடையைப் பற்றி எழும் சந்தேகமும், அவளுடைய மானமுமே கதை. கங்காணியைக் கொல்வதில்லை, கொடி ஏற்றுவதில்லை, சங்கமும் வருவதில்லை. அவள் தன் விரல்களாலேயே பதில் சொல்லுகிறாள். தராசும், றாத்தல் கணக்கும், பக்கத்து நிரையில் நிற்கும் பெண்களின் வாயும் அவளைச் சுற்றி நிற்கின்றன. ஒரு தொழிலாளிக்கு அவளுடைய திறமைதான் அவளுடைய கௌரவம், அதையே ஐயுறுகிறது இந்தத் தோட்ட முறை என்பதை இராமையா ஒரு வார்த்தை விளக்கமும் இன்றிச் சொல்லிவிட்டார். புதுமைப்பித்தனின் மருதிக்கு எல்லாம் நடந்தன. இராமையாவின் பெண் செய்து காட்டுகிறாள். இருபத்தாறு ஆண்டுகளில் மலையகத் தமிழ்ச் சிறுகதை நடந்து வந்த தூரம் இது.

இக்கதையைச் சிலர் எப்படி வாசித்தார்கள் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வாலிபப் பருவத்தில் அட்டனில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் இக்கதையைப் பற்றி நான் பேசினேன். முடிந்ததும் ஒரு சங்கப் பிரமுகர் எழுந்து, இதில் வர்க்கப் போராட்டம் எங்கே தம்பி, அவள் கூடுதலாகப் பறித்தால் இலாபம் யாருக்கு என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்தபோது வாசலில் நின்றிருந்த ஒரு வயதான அம்மா, இருபது வருடம் கொழுந்தெடுத்தவர், என் கையைப் பிடித்து, "அந்தக் கதையை இன்னொரு தரம் சொல்லு ராசா" என்றார். தோழரின் கேள்வி தவறான கேள்வி என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். இலாபம் யாருக்கு என்பது கேட்க வேண்டியதுதான். ஆனால் அம்மாவின் கையை அவர் பார்க்கவில்லை.

மறுபுறம் நவீனத்துவப் பிரியர்கள் இராமையாவைப் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. தோட்டக் கதை என்றாலே பிரசாரம் என்ற முடிவோடு, படிக்காமலே ஒதுக்கினார்கள். உருவத்தைப் பற்றி ஓயாமல் பேசியவர்கள், உருவம் செம்மையாக அமைந்த ஒரு கதை கூடைக்குள் கிடந்ததைக் காணவில்லை. அந்தக் கதை நூலில் இடம்பெற 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இராமையா தனியாளாக நிற்கவில்லை. 'வீரகேசரி'யில் மலையகப் பகுதியைக் கவனித்த எஸ். எம். கார்மேகத்தின் முயற்சியால் நடந்த சிறுகதைப் போட்டிகள் பல புதியவர்களைக் கொணர்ந்தன. பரிசுக் கதைகள் 1971 இல் 'கதைக்கனிகள்' என்று தொகுக்கப்பட்டன. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974 இலும், 'நாமிருக்கும் நாடே' தொகுதி 1979 இலும் வந்தன. பாரதியின் பாட்டிலிருந்து எடுத்த அந்தத் தலைப்பை, நாடற்றவர்களைப் பற்றிய புத்தகத்தின் மேல் வைத்த துணிச்சலை எண்ணிப் பாருங்கள். 2022 இல் மறையும்வரை அவர் மலையக எழுத்தின் கணக்கப்பிள்ளையாகவும் இருந்தார். யார் எதை எப்போது எழுதினார்கள் என்ற பேரேடு அவரிடம் இருந்தது. சாரல் நாடன் சி. வி. யையும் நடேசய்யரையும் ஆராய்ந்து எழுதினார். இவர்களில் எவரும் கட்சி அட்டையைக் காட்டி எழுத்தாளரானவரல்லர்.

இவர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே இடதுசாரிகளின் நிலை மாறியது. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ அரசாங்கத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரிக்கப்பட்டார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. 1948 இல் எதிர்த்து வாதாடிய கட்சி 1964 இல் அமைச்சரவைக்குள் இருந்தது. 1970 இல் அமைந்த கூட்டரசாங்கத்தில் பெருந்தோட்டத்துறை அமைச்சர் யார் தெரியுமா? முல்லோயாக் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடிய கொல்வின். 1973, 74 இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தது அந்த ஆட்சியில். மொஸ்கோவோடு முரண்பட்டுப் பிரிந்த சண்முகதாசனின் செங்கொடிச் சங்கம் மலையில் போராட்டங்களை நடத்தியது உண்மை. அதுவும் மெல்ல மெல்ல மெலிந்தது.

எழுத்து இதற்கு என்ன பதில் சொன்னது? வட்டவளை நிலையத்தில் நான் சிறுவனாய் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். தலைமன்னாருக்குப் பயணமாகிறவர்களை ஏற்றிய ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நிற்பவர்களும் அழுவார்கள், பெட்டியில் இருப்பவர்களும் அழுவார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம். அந்தப் பிரிவைக் கட்சிகளின் தீர்மானங்களில் தேடினால் எண்ணிக்கைதான் கிடைக்கும். கதைகளில்தான் முகங்கள் கிடைக்கின்றன. கோச்சி கிளம்பும் கணத்தை எழுதாத மலையகச் சிறுகதையாசிரியர் அந்தத் தலைமுறையில் அரிது. எல்லாமே நல்ல கதைகள் அல்ல. கண்ணீர் கூடிய கதைகள் நிறைய. ஆனால் கட்சி மௌனமாக இருந்த இடத்தில் அவர்கள் பேசினார்கள்.

1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து நடந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். மலைநாட்டில் வைத்தியராகப் பணியாற்றிய தி. ஞானசேகரன் அத்தகைய காணிப் போராட்டத்தைப் பொருளாக்கி 1979 இல் 'குருதிமலை' நாவலை எழுதினார். இங்கே சங்கம் வருகிறது, கூட்டம் வருகிறது, துப்பாக்கியும் வருகிறது. எதுவும் வெளியிலிருந்து ஒட்டவைத்ததாகத் தோன்றவில்லை. நடந்ததால் வருகிறது. அட்டன் கூட்டத்தில் அந்தத் தோழர் கேட்ட கேள்விக்கு இந்த நாவல் பதிலாக இருக்கலாம். 1980களின் தொடக்கத்தில் வந்த 'தீர்த்தக்கரை', பின்னர் வந்த 'நந்தலாலா' ஆகிய சிற்றிதழ்களில் இடதுசாரிச் சிந்தனையும் கவிதை நுட்பமும் மறுபடி ஒரே அட்டைக்குள் சேர்ந்தன. மலையின் இளைஞர்கள் மார்க்சையும் படித்தார்கள், புதுக்கவிதையையும் படித்தார்கள். தமிழகத்தில் 'சரஸ்வதி'யோடு மூடிய அந்த நடு வாசலை, கையில் காசில்லாத சில மலைநாட்டுப் பிள்ளைகள் சிறிது காலம் திறந்து வைத்திருந்தார்கள்.

நேயர் தம் கடிதத்தின் கீழே இன்னொரு சிறு கேள்வியும் கேட்டிருக்கிறார். தம் மகள் உயர்தர வகுப்பில் தமிழ் படிப்பதாகவும், இராமையாவின் கதையை அவளுக்குக் காட்ட வேண்டும், புத்தகம் எங்கே கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறார். கடையில் தேடி அலைய வேண்டாம். என்னிடம் 1980 ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று இருக்கிறது. அட்டை கொஞ்சம் நனைந்து உப்பியிருக்கிறது, வட்டவளையில் வைத்திருந்த புத்தகம் வேறெப்படி இருக்கும். அந்த ஒரு கதையை மட்டும் படியெடுத்து இந்த வாரத் தபாலில் சேர்த்திருக்கிறேன். மகளிடம் கொடுப்பதற்கு முன், வீட்டில் கொழுந்தெடுத்த பாட்டி இருந்தால் அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.